உள்ளூர் காடி, வெளிநாட்டு பார்ட்னர்: கவுண்டர்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கவுண்டர்ல நிக்கிற ஆளு நான். ஆயில் ஃபில்டர் வாங்க வர்றவரு, பையன் உள்ள போய் சாமான் எடுத்துட்டு வர்ற அந்த அஞ்சு நிமிசம் சும்மா நிக்க மாட்டாரு, "தம்பி, புரோட்டோன சீனாக்காரன் வாங்கிட்டானாமே, நெசமா?"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. புரோட்டோன்னா மலேசியாவோட முதல் தேசிய காடி கம்பெனி, காடின்னா கார்தான். போமனுங்க, அதான் மெக்கானிக்குங்க, கேப்பாங்க, கிராப் டாக்சி ஓட்டுறவங்க கேப்பாங்க, மகளுக்கு முதல் காடி வாங்கப் போற அங்கிள் கேப்பாரு. ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் இங்க எழுதி வெச்சிட்டேன்.

புரோட்டோன் இப்ப நம்ம காடியா, சீனா காடியா?

பேப்பர்ல நம்ம காடிதான். டிஆர்பி-ஹைகோம்ங்கற மலேசியா கம்பெனி கிட்ட 50.1 சதவீதம், சீனாவோட ஜீலி கம்பெனி கிட்ட 49.9. 2017 ஜூன் மாசம் கையெழுத்தாச்சு. அதோட சேத்து புரோட்டோன் 1996ல வாங்கி வெச்சிருந்த இங்கிலாந்து லோட்டஸ் கம்பெனியிலயும் 51 சதவீதம் ஜீலிக்கு போயிடுச்சு.

50.1 நம்ம கையில இருந்தா ஏன் எல்லாத்தையும் ஜீலி முடிவு பண்ணுது?

ஏன்னா பங்கு வேற, பிடி வேற. காடியோட பிளாட்ஃபார்ம், அதான் அடி அமைப்பு, யாரு குடுக்கிறாங்க, இஞ்சின் யாரோடது, கியர்பாக்ஸ் யாரோடது, இத பாருங்க, யாரு பேச்சு எடுபடும்னு தானா தெரிஞ்சிடும். புரோட்டோன் விக்கிற எக்ஸ்70ங்கறது ஜீலி போயுவே, எக்ஸ்50ங்கறது பின்யுவே, எஸ்70ங்கறது எம்கிராண்ட். கையெழுத்து ஆன அதே வருசம் லி சுன்ரோங்னு ஜீலி ஆள் ஒருத்தர் தலைமைக்கு வந்தாரு. ஒப்பந்தத்துலயே அப்படித்தான் பேச்சு, ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் பண்ணல. இதுக்கு கோவப்பட்டு பிரயோசனம் இல்ல லா, நம்ம கையில சொந்த பிளாட்ஃபார்ம் சரியா இருந்திருந்தா பார்ட்னரே தேடி இருக்க மாட்டோம்.

ஏன் பார்ட்னர்? சொந்தமா ஒரு காடி செய்ய தெரியாதா நமக்கு?

செய்யத் தெரியும். வாஜா 2000ல வந்துச்சு, அதோட பாடியும் டிசைனும் நம்ம ஆளுங்க போட்டதுதான். 2004ல ஜென்-2ல கேம்ப்ரோ இஞ்சின் வந்துச்சு, அதுவும் நம்ம பேருதான், லோட்டஸ் கூட சேந்து பண்ணது. செய்யத் தெரியாதது பிரச்னையே இல்ல, செஞ்ச செலவ திருப்பி எடுக்கற கணக்குதான் பிரச்னை. ஒரு புது இஞ்சின், ஒரு புது பிளாட்ஃபார்ம், அதுக்கு அச்சு வார்க்கிற டை, மோதிப் பாக்குற டெஸ்டு, இதுக்கெல்லாம் கொட்டுற காசு ஒரு லட்சம் காடிக்கு பிரிஞ்சாலும் சரி, பத்து லட்சம் காடிக்கு பிரிஞ்சாலும் சரி கிட்டத்தட்ட ஒரே காசுதான். பத்து லட்சத்துக்கு பிரிச்சவன் ஒரு காடிக்கு கம்மியா போட்டு விப்பான். மலேசியாவுல எல்லா கம்பெனியும் சேந்தே ஒரு வருசத்துக்கு ஆறு ஏழு லட்சம், மிஞ்சிப் போனா எட்டு லட்சம் சொச்சம் புது காடிதான் விக்குது, அதுல பாதி கிடைச்சாலும் சொந்த இஞ்சினுக்கு கட்டுப்படி ஆகறது கஷ்டம்.

சின்ன காடிக்கு இது இன்னும் மோசம். பெரிய காடியில ஒரு யூனிட்டுக்கு லாபம் கூட, தப்பு பண்ணாலும் தாங்கும். சின்ன காடியில ஒரு ஸ்க்ரூவுக்கு எத்தன சென்னு கணக்குப் பாக்கணும். டைஹாட்சு, சுசுகி மாதிரி கம்பெனிங்க ஜப்பான்ல 660 சிசி காடி செஞ்சு செஞ்சு அந்த கணக்குல ஊறிப் போனவங்க. தடுமாறுற கம்பெனிங்க சின்ன காடி கம்பெனிய தேடிப் போறதுக்கு காரணமே இதுதான், டெக்னாலஜிய மட்டும் வாங்க போறதில்ல, சிக்கனத்தையும் சேத்து வாங்க போறாங்க.

மிட்சுபிஷி இருந்த காலத்துல நல்லாத்தானே இருந்துச்சு?

இது பழைய ஆளுங்க கேக்குற கேள்வி, பாதி சரி. புரோட்டோன் ஆரம்பிச்சது 1983 மே மாசம். கவர்மண்ட் கம்பெனி ஹைகோம் 70 சதவீதம், மிட்சுபிஷி மோட்டார்ஸ் 15, மிட்சுபிஷி கார்ப்பரேஷன் 15. முதல் காடி சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி ஷா ஆலாம்ல வெளிய வந்துச்சு, அடியில இருந்தது மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. அதே வருசம் செப்டம்பர்ல பினாங்கு பாலம் திறந்தப்ப அப்ப பிரதமரா இருந்த மகாதீர் சாகா ஓட்டிக்கிட்டுத்தான் பாலத்த கடந்தாரு. அந்த வருசம் அப்படி ஒரு பெருமை.

அதே மாசம் நியூயார்க்ல பிளாசா ஒப்பந்தம்னு அஞ்சு நாடு கையெழுத்து போட்டுச்சு, டாலர் மதிப்ப இறக்கறதுக்கு. நம்ம ஆளுங்க யாரும் கவனிக்கல, ஆனா சாகாவுக்கு அடி அங்கதான் விழுந்துச்சு. டாலருக்கு 240 யென் கிட்ட இருந்தது ரெண்டு வருசத்துக்குள்ள 150க்கு கீழ வந்துடுச்சு. சாகாவோட பாகங்கள் பெட்டி பெட்டியா ஜப்பான்ல இருந்து வந்து இங்க பொருத்துறது, யென்ல காசு கட்டணும். யென் ஏற ஏற பெட்டி விலை ஏறும், இங்கயோ பொருளாதாரம் படுத்துக் கிடக்கு, காடி வாங்க ஆளில்ல. கம்பெனி நட்டத்துல போயி 1988ல இவாபுச்சின்னு மிட்சுபிஷி ஆள் ஒருத்தர கூட்டிட்டு வந்து தலைமையில உக்கார வெச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் நிமிந்துச்சு. 92ல இஸ்வாரா, 93ல வீரா, 95ல பெர்டானா எல்லாம் வரிசையா வந்துச்சு, வீராவுக்கு லான்சர், பெர்டானாவுக்கு எத்தெர்னா. இன்னிக்கும் வீரா வெச்சிருக்கவரு கவுண்டர்ல வந்து நின்னா நான் லான்சர் பெட்டியத்தான் எடுத்து நீட்டுவேன், 4ஜி15 இஞ்சின் சாமான் அப்படியே ஒக்காரும்.

ஆனா மிட்சுபிஷிக்கு ஒரு கவலையும் இல்லங்கறத கவனிக்கணும். புரோட்டோன் வித்தாலும் பெட்டிக்கு காசு வரும், வித்தது நட்டமா லாபமாங்கறது பெருசா அவன பாதிக்காது. சொந்தமா இஞ்சின் செய்ய கத்துக்குடுன்னு கேட்டா எவன் வேகமா கத்துக்குடுப்பான்? சாமான் விக்கிறவன் பார்ட்னரா வந்தா இந்த சிக்கல் எப்பவும் இருக்கும். 2004, 2005ல மிட்சுபிஷி தரப்பு கையில இருந்த பங்க வித்துட்டு கிளம்பிடுச்சு. அப்புறம் 2010ல இன்ஸ்பிரான்னு மறுபடி லான்சர வாங்கி பேட்ஜ் மாத்தி வித்தோம், அத பத்தி என்னத்த சொல்ல.

அப்ப பெரோடுவா மட்டும் எப்படி தப்பிச்சுது?

இந்த பக்கத்துல முக்கியமான கேள்வி இதுதான்னு நான் சொல்லுவேன்.

மலேசியாவோட ரெண்டாவது தேசிய காடி கம்பெனியான பெரோடுவா 1993ல வேலைய ஆரம்பிச்சு 1994 ஆகஸ்ட்ல கஞ்சில இறக்குச்சு. டைஹாட்சு மீரா, 660 சிசி. மோட்டார் சைக்கிள்ல மழையில நனைஞ்சு போன குடும்பங்க முதல் தடவையா ஒரு கூரைக்கு கீழ உக்காந்தது கஞ்சில்லதான், செந்தூல், கிள்ளான், பட்டர்வொர்த் எங்க வேணா விசாரிச்சுப் பாருங்க. ரூசா, கெம்பாரா, கெனாரி, கெலிசா எல்லாமே டைஹாட்சுவோட சின்ன வண்டிங்க. உலக காடி செய்யப் போறோம்னு யாரும் மேடை போட்டு பேசல. சின்ன காடி, மலிவு காடி, போமன் கிட்ட போனா கை கடிக்காத காடி, அவ்வளவுதான் வேலை.

2001ல ஒரு காரியம் பண்ணாங்க. ஆசியான் நாடுகளுக்குள்ள இறக்குமதி வரி குறையப் போகுது, ஆப்டா வருது, மலேசியா காடிக்கு மட்டும் 2005 வரைக்கும் அவகாசம் வாங்கி வெச்சிருந்துச்சு. வரி வேலி இறங்கினா தாய்லாந்துல செஞ்ச ஜப்பான் காடி உள்ள வந்துடும். அந்த நேரத்துல பெரோடுவா, காடி செய்யிற வேலைய மட்டும் தனி கம்பெனியா பிரிச்சு அதுல 51 சதவீதத்த டைஹாட்சு, மிட்சுயின்னு ஜப்பான் தரப்புக்கு குடுத்துடுச்சு. விக்கிறதும் பேரும் மேல இருக்கிற கம்பெனியும் மலேசியாக்காரங்க கையில, அங்க பெரிய பங்கு யுஎம்டபிள்யூவோட 38 சதவீதம், அந்த யுஎம்டபிள்யூ இப்ப சைம் டார்பி கைக்கு போயிடுச்சு, அது வேற கதை.

இதனால என்ன ஆச்சுன்னா ரவாங் பக்கத்துல இருக்கிற அந்த ஃபேக்டரி டைஹாட்சுவோட சொந்த ஃபேக்டரி மாதிரி ஆயிடுச்சு. இங்க கழிவு போனா அவன் காசு போகுது, இங்க ஒரு காடி கூட விலை போனா அவனுக்கும் லாபம். மிட்சுபிஷி கூட இல்லாத சங்கதி இது. 2005 மே மாசம் மைவி வந்துச்சு, டைஹாட்சு பூன், டொயோட்டா பாஸ்ஸோ கூடப் பொறந்தது, அடுத்த வருசமே பெரோடுவா புரோட்டோன முந்தி முதல் இடத்துக்கு போயிடுச்சு. பெரோடுவா 2024ல வித்தது மூணரை லட்சத்துக்கும் மேல.

கவுண்டர்ல இது எப்படி தெரியும்னா, பழைய 1.3 மைவிக்கு சாமான் கேட்டு வந்தா நான் மாடல் பேர கேக்க மாட்டேன், கே3 இஞ்சினான்னு கேப்பேன். அந்த இஞ்சின் டைஹாட்சுவோடது, டொயோட்டா அவான்சாவுலயும் அதுதான். ஒரு சாமான் மூணு பேட்ஜுக்கு ஒக்காருதுன்னா கடைக்காரன் தைரியமா ஸ்டாக் வெப்பான், ஸ்டாக் இருந்தா விலை குறையும், விலை குறைஞ்சா பழைய காடிக்கும் மதிப்பு நிக்கும். பார்ட்னர்ஷிப்புனு பெரிய பெரிய ஆளுங்க கோட்டு போட்டு கையெழுத்து போடறது கடைசியில வந்து நிக்கிற இடம் இந்த அலமாரிதான்.

மைவியில டொயோட்டா பேட்ஜ் ஒட்டினா மதிப்பு கூடுமா?

கூடாது. பாஸ்ஸோ பேட்ஜ், பூன் பேட்ஜ், சிரியன் பேட்ஜ் எல்லாம் அக்ஸஸரி கடையில கிடைக்கும், ஒட்டுற பசங்களும் நிறைய பேரு. ட்ரேட் இன் பண்ற எடத்துல கிரான்ட்ட, அதான் காடி பதிவு பத்திரத்த, பாத்துத்தான் விலை போடுவான், பேட்ஜ பாத்து இல்ல.

புரோட்டோன் ஏன் பெரோடுவா மாதிரி பண்ணல? வோக்ஸ்வேகன் கேட்டாங்கன்னு சொல்றாங்களே?

கேட்டாங்க. 2004ல ஆரம்பிச்ச பேச்சு, நடுவுல நின்னு, மறுபடி ஆரம்பிச்சு 2007 நவம்பர்ல கவர்மண்ட் வேணாம்னு சொல்லி மூடிடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸும் வரிசையில நின்னுச்சு. அந்த வருசம் ஆகஸ்ட்ல பெர்சோனாங்கற புது மாடல் வந்து நல்லா போயிட்டிருந்துச்சு, புரோட்டோன் தானா எழுந்துக்கும்னு ஒரு நம்பிக்கை. தேசிய காடி, சாமான் செஞ்சு குடுக்கிற வெண்டார் கம்பெனிங்க, அதுல வேலை செய்யிற ஆயிரக்கணக்கான குடும்பம், எல்லாத்தையும் ஜெர்மன்காரன் கையில குடுக்கறதுக்கு மனசு வரல. காரணம் எனக்கு புரியுது, ஆனா தப்பான முடிவுன்னு அன்னிக்கே சொன்னவங்க இருந்தாங்க, இன்னிக்கு நானும் அவங்க பக்கம்தான்.

பெருமை ஒரு பக்கம் இருந்துச்சு, வேணாத செலவு இன்னொரு பக்கம். 2004ல இத்தாலி மோட்டார் சைக்கிள் கம்பெனி எம்வி அகுஸ்தாவுல பாதிக்கு மேல பங்க ஏழு கோடி யூரோ குடுத்து வாங்கி, கொஞ்ச நாள்ல ஒரே ஒரு யூரோவுக்கு வித்தாங்க. ஒரு யூரோ! தே தாரேக் டீ கூட கடைசியில ரெண்டு கப்தான் வந்திருக்கும்.

ஜீலிக்கு ஏன் அவ்வளவு கம்மியா குடுத்தாங்க?

கணக்க பாருங்க. 2012ல டிஆர்பி-ஹைகோம் கவர்மண்ட் முதலீட்டு கம்பெனியான கசானா கிட்ட இருந்து புரோட்டோனோட 42.74 சதவீதத்த வாங்கினப்ப குடுத்தது 129 கோடி வெள்ளி (ரிங்கிட்). அஞ்சு வருசம் கழிச்சு ஜீலி 49.9 சதவீதத்துக்கு குடுத்தது 46 கோடி சொச்சம், அதுலயும் ரொக்கம் 17 கோடி சொச்சம்தான், மீதி 29 கோடிக்கு போயுவே பிளாட்ஃபார்மயே விலையா எழுதிக்கிட்டாங்க. ரெண்டு வியாபாரமும் ஒரே மாதிரி இல்லதான், ஒண்ணு கை மாறின பழைய பங்கு, இன்னொண்ணு கம்பெனிக்குள்ள வர்ற புது முதல், இருந்தாலும் சரிவு கண்ணுக்கு தெரியுதுல்ல.

நடுவுல 2016ல கவர்மண்ட் 150 கோடி வெள்ளி கடன் குடுத்து, வெளிநாட்டு பார்ட்னர் தேடியே ஆகணும்னு நிபந்தனையும் போட்டுச்சு. பிரான்ஸ்ல இருந்து பெஜோ காடி செய்யிற பிஎஸ்ஏவும் போட்டியில இருந்துச்சு. 2017ல புரோட்டோன் சந்தையில எட்டுல ஒரு பங்குதான், 90கள்ல பாதிக்கு மேல வெச்சிருந்த கம்பெனி. கடன்காரன் வாசல்ல நிக்கிறப்ப நிலத்த விக்கப் போனா வாங்குறவன் சொல்றதுதான் விலை. 2007ல கேட்டு வந்தவங்க ரெண்டு பேரு இருந்தப்ப, பெர்சோனா ஓடிட்டிருந்தப்ப உக்காந்து பேசி இருந்தா வேற மாதிரி பேசி இருக்கலாம். பெரோடுவா 2001ல பேசுனப்ப கையில நட்டமில்ல, கஞ்சில் கெலிசா எல்லாம் போயிட்டிருந்துச்சு, அதான் அவங்களால விக்கிற பக்கத்தையும் பேரையும் தன்கிட்டயே வெச்சுக்க முடிஞ்சுது. எவ்வளவு பங்கு குடுத்தோம்னு எல்லாரும் சண்டை போடறாங்க, எப்ப குடுத்தோம்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

ஜீலி வந்து ஏதாச்சும் உருப்பட்டுச்சா?

உருப்பட்டுச்சு, ஒத்துக்கணும். 2018ல 65,000 காடி கூட விக்கல, 2019ல லட்சத்த தாண்டிடுச்சு, 2023ல ஒன்றரை லட்சத்த தாண்டிடுச்சு. எக்ஸ்70ய 2018 டிசம்பர்ல அறிமுகம் பண்ணி வெச்சது யாரு தெரியுமா? புரோட்டோன குடுத்தப்ப என் பிள்ள தொலைஞ்சு போச்சுன்னு வருத்தப்பட்டு எழுதின அதே மகாதீர், மறுபடி பிரதமரா வந்து. அரசியல்ல இதெல்லாம் சகஜம் லா.

என்ன கேட்டா எக்ஸ்70ய விட பெரிய மாத்தம் சாகாவுலதான். 2011 சாகாவுல சிவிடிங்கற பெல்ட் டைப் ஆட்டோ கியர்பாக்ஸ் போட்டாங்க, அத பத்தி போமனுங்க கிட்ட கேட்டா அரை மணி நேரம் பேசுவாங்க. 2019ல அத எடுத்துட்டு ஹூண்டாயோட சாதாரண நாலு ஸ்பீடு ஆட்டோ போட்டாங்க. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல, வேலை செய்யிறத எடுத்து போட்டாங்க, விலையையும் அடக்கி வெச்சாங்க, ஜனங்க திரும்பி வந்துட்டாங்க. இத செய்ய ஜீலி வரணுமான்னு கேட்டா, வந்த பிறகுதானே நடந்துச்சு.

சீனாக்காரன் காடி தரம் இருக்குமா?

ஜீலி 2010ல வோல்வோவ ஃபோர்டு கிட்ட இருந்து வாங்கின கம்பெனி, எக்ஸ்50ல இருக்கிற மூணு சிலிண்டர் டர்போ இஞ்சின் வோல்வோவும் ஜீலியும் சேந்து பண்ணது. அதுக்கு முன்னாடி ஜீலி எங்க இருந்துச்சுன்னு பாத்தா இன்னும் சுவாரசியம். அவங்களோட முதல் காடி 1998ல வந்த ஹாவோச்சிங், அது தியான்ஜின் சியாலியோட வாரிசு, சியாலிங்கறது டைஹாட்சு ஷரேட்ட சீனாவுல லைசன்ஸ் வாங்கி செஞ்சது. ஆக பெரோடுவா நேரா டைஹாட்சு கிட்ட படிச்சுது, புரோட்டோனோட இன்னிக்கு பார்ட்னரும் ஆரம்பத்துல டைஹாட்சு புத்தகத்த காப்பி அடிச்சு வந்தவன்தான்.

தரம் பத்தி கடையில பாக்குறத வெச்சு சொன்னா இஞ்சின், கியர்பாக்ஸ்ல பெருசா ஒண்ணும் வரல, எலக்ட்ரானிக் சாமானும் பாடி சாமானும்தான் ஜனங்க தேடி வர்றாங்க. மோதின காடிக்கு பம்பர், லைட்டு கிடைக்க காத்திருக்கணும்ங்கறது எல்லா புது மாடலுக்கும் உள்ளது.

வேற நாட்டுல இது மாதிரி நடந்திருக்கா?

நிறைய. நம்ம ஆளுங்களுக்கு பக்கத்துல உள்ளது மாருதி. சஞ்சய் காந்தி ஆரம்பிச்ச மாருதி ஒரு காடியும் ஒழுங்கா விக்காம படுத்துடுச்சு, அப்புறம் கவர்மண்ட் எடுத்து 1982ல சுசுகிய கூட்டிட்டு வந்து 26 சதவீதம் குடுத்துச்சு. 1983 டிசம்பர்ல முதல் மாருதி 800. சுசுகி கொஞ்சம் கொஞ்சமா ஏறி 2002ல பாதிக்கு மேல வெச்சுக்கிச்சு. இன்னிக்கு சுசுகி உலகத்துல விக்கிற காடியில பாதிக்கு மேல இந்தியாவுல. வந்தவன் வீட்டுக்காரனயே நம்பி வாழற நிலைமை, அதான் மாருதிய விட்டு அவன் எங்கயும் போக மாட்டான்.

ருமேனியாவுல டாச்சியாவ 1999ல ரெனோ வாங்கி 2004ல லோகன்னு 5,000 யூரோ காடி செஞ்சுது, செக் நாட்டு ஸ்கோடாவுக்கு 1991ல வோக்ஸ்வேகன் வந்துச்சு. ரெண்டும் இன்னிக்கு நல்லா இருக்கு.

எங்கயாச்சும் நாசமா போன கதை?

இங்கிலாந்து காடி கம்பெனி ரோவர். இத கொஞ்சம் பொறுமையா சொல்லணும்.

பின்னாடி ரோவர்னு பேர் மாத்தின பிரிட்டிஷ் லேலண்ட் கவர்மண்ட் காசுல உயிர் பிடிச்சிட்டிருந்த காலத்துல 1979 டிசம்பர்ல ஹோண்டா கூட கையெழுத்து போட்டுச்சு. 1981ல டிரையம்ஃப் அக்லெய்ம்னு ஒரு காடி வந்துச்சு, ஹோண்டா பல்லேடுதான் அது, ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல கவ்லி ஃபேக்டரியில செஞ்சது. அந்த கம்பெனி செஞ்ச காடியிலயே தொந்தரவு கம்மியான காடின்னு பேரு வாங்குச்சு. பத்து பதினஞ்சு வருசத்துல ரோவர் மாடல் பாதிக்கு மேல அடியில ஹோண்டா. ரோவர்ல ஹோண்டாவுக்கு 20 சதவீதம், ஹோண்டாவோட இங்கிலாந்து ஃபேக்டரி கம்பெனியில ரோவருக்கு 20 சதவீதம்னு பங்கு மாத்திக்கிட்டாங்க. இது வரைக்கும் நல்ல கதை.

1994ல ரோவர வெச்சிருந்த பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், ஹோண்டாவ ஒதுக்கிட்டு 80 கோடி பவுனுக்கு பிஎம்டபிள்யூ கிட்ட வித்துடுச்சு. ஹோண்டாவுக்கு அது முதுகுல குத்தின மாதிரி. பதினஞ்சு வருசம் சொல்லிக் குடுத்தவன் கிளம்பிட்டான், வந்தவனுக்கு சின்ன காடி செய்யற வழக்கமே கிடையாது. 2000ல பிஎம்டபிள்யூ மினிய தன்கிட்ட வெச்சுக்கிட்டு, லேண்ட் ரோவர ஃபோர்டுக்கு வித்துட்டு, மீதிய பத்து பவுனுக்கு தள்ளி விட்டுச்சு. பத்தே பவுன். புது ஓனருங்க கையில புது பிளாட்ஃபார்ம் இல்ல, 2003ல டாட்டா இண்டிகாவ வாங்கி சிட்டிரோவர்னு பேர் மாத்தி வித்து பாத்தாங்க, போகல. ஷாங்காய் கம்பெனி கூட பேச்சு நடத்தி அதுவும் முறிஞ்சு 2005 ஏப்ரல்ல லாங்பிரிட்ஜ் ஃபேக்டரி மூடிக்கிச்சு, ஆறாயிரம் பேரு வரைக்கும் வேலை போச்சு.

2007ல வோக்ஸ்வேகன வேணாம்னு சொன்னப்ப நம்ம ஆளுங்க முன்னாடி இந்த கதை மூணு வயசு ஆகாம கிடந்துச்சு.

அமெரிக்காக்காரன் கூட இப்படி போனானா?

போனான். கிரைஸ்லர் 2007ல சீனா செரி கூட சின்ன காடிக்கு கை குலுக்கி அடுத்த வருசமே விட்டுட்டான். 2009ல திவால் கோர்ட்டுக்கு போனப்ப ஃபியட் வந்து ஒரு சென் ரொக்கம் போடாம 20 சதவீதம் எடுத்துக்கிச்சு, குடுத்தது டெக்னாலஜியும் சின்ன காடி பிளாட்ஃபார்மும் மட்டும். ஆனா அமெரிக்கா கவர்மண்ட் அங்க ஒரு புத்திசாலித்தனம் பண்ணுச்சு: ஃபியட் இஞ்சின அமெரிக்காவுலயே செஞ்சா இன்னும் 5, வெளிநாட்டு விற்பனை இலக்கு தொட்டா 5, காலனுக்கு 40 மைல் போற காடி அமெரிக்காவுல செஞ்சா 5ன்னு வேலைய முடிச்சாத்தான் பங்கு. வாய்ப் பேச்சுக்கு பங்கு இல்ல. நம்ம ஒப்பந்தங்கள்ல இத மாதிரி வெளிப்படையா ஜனங்களுக்கு தெரியிற மாதிரி எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்.

வேடிக்கை என்னன்னா கிரைஸ்லர காப்பாத்துனது ஃபியட் சின்ன காடி இல்ல. ஃபியட் 500 அங்க பெருசா போகல, ஆல்ஃபா ரோமியோ பிளாட்ஃபார்ம்ல செஞ்ச டாட்ஜ் டார்ட்ட 2016ல நிறுத்திட்டாங்க. ஜீப்பும் ராம் பிக்கப்பும்தான் தூக்கி நிறுத்துச்சு.

மலேசியாவுலயே வேற யாராச்சும் முயற்சி பண்ணாங்களா?

புரோட்டோனே 1996ல சிட்ரோயன் ஏஎக்ஸ எடுத்து தியாரான்னு வித்துச்சு, 2000ல நிறுத்திட்டாங்க. அத வெச்சிருக்கவரு கடைக்கு வந்தா எல்லாரும் எழுந்து நின்னு பாப்போம், சாமான் கிடைக்காது. நாசாங்கற உள்ளூர் காடி கம்பெனி 2006ல சீனாவோட ஹாஃபெய் காடிய சுத்தேரான்னும், பெஜோ 206ஐ பெஸ்தாரின்னும் இறக்குச்சு. ஒண்ணும் நிலைக்கல. பேட்ஜ் மாத்தறது மட்டும்தான் நடந்துச்சு, ஃபேக்டரிக்குள்ள பார்ட்னரோட காசு பெருசா மாட்டல.

பார்ட்னர் தப்பு பண்ணா நம்ம கதி?

அவன் கூட சேந்து நம்ம பேரும் கெடும். 2023ல டைஹாட்சு பாதுகாப்பு டெஸ்ட்ல தில்லுமுல்லு பண்ணது வெளிய வந்துச்சு, அந்த வருசம் ஏப்ரல்ல வந்த முதல் பட்டியல்லயே பெரோடுவா அக்ஸியாவும் இருந்துச்சு. அந்த வாரம் கடையில பெரோடுவா ஓட்டுறவங்க முகத்த பாக்கணும். பெரோடுவா தனியா சரி பாத்துட்டு விற்பனைய தொடந்துச்சு, ஜனங்களும் கொஞ்ச நாள்ல மறந்துட்டாங்க. ஆனா ஒரே பார்ட்னர நம்பி இருக்கறதுல இருக்கிற ஆபத்து இதுதான், அவன் வீட்டுல தீ பிடிச்சா நம்ம வீட்டு சுவரும் சுடும்.

வேலை வாய்ப்பு? வெண்டார் கம்பெனியில என் தம்பி இருக்கான்.

எண்ணிக்கை கூடினா வேலை இருக்கும், ஆனா பழைய மாதிரி இருக்காது. வெளிநாட்டு பார்ட்னர் வந்தா முதல்ல கேக்குறது விலைய குறைன்னுதான். சின்ன வெண்டாருக்கு கஷ்டம், தரத்தையும் விலையையும் பிடிச்சவனுக்கு ஆர்டர் கூடும். டீலருங்க கதையும் அதே, ஷோரூமோட சர்வீசும் சாமானும் ஒரே கூரைக்கு கீழ இருக்கணும்னு புரோட்டோன் கேட்டப்ப காசு போட முடியாத சின்ன டீலருங்க ஒதுங்கிட்டாங்க. தம்பிக்கு ரோபோ வெல்டிங், மெஷின் ப்ரோக்ராம் மாதிரி ஏதாச்சும் படிக்க வழி இருந்தா இப்பவே படிக்க சொல்லுங்க.

கரண்டு காடியிலயும் இதே கதையா?

ஆமா. 2024 டிசம்பர்ல வந்த புரோட்டோன் ஈமாஸ் 7 ஜீலியோட மாடல்தான். பேட்டரியும் மென்பொருளும் பார்ட்னர் கையில இருக்கு, அதனால பிடி இன்னும் இறுகும், தளரப் போறதில்ல.

பழைய வீரா, பழைய மைவி, ரெண்டுல எத செகண்ட் ஹேண்ட்ல எடுக்கலாம்?

தினமும் ஓட்ட மைவி. சாமான் எந்த ஊர்லயும் கிடைக்கும், பழைய காடியில இருந்து வெட்டி எடுத்த ஹாஃப்கட் இஞ்சினும் கிடைக்கும், விக்கிறப்பயும் வாங்க ஆள் இருக்கும். சனி ஞாயிறு கையில கிரீஸ் பூசிக்கிட்டு போமன் கூட உக்காந்து பேச ஆசைன்னா வீரா எடுங்க, லான்சர் சாமான் இன்னும் வருது. எத எடுத்தாலும் கிரான்ட்ல உள்ள இஞ்சின் நம்பரும் காடியில உள்ள நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு காசு குடுங்க, இஞ்சின் மாத்தி ஜேபிஜேல, அதான் சாலை போக்குவரத்து இலாகாவுல, எழுதாத காடி நிறைய சுத்துது. பவர் விண்டோ நாலும் ஏறி இறங்குதான்னு பாருங்க, வீராவுல ஒண்ணாச்சும் பாதியில நிக்கும், அந்த மோட்டார் நம்ம கடையில இருக்கு.